கடித்தாளா, விழுங்கினாளா?

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று விசாரித்த எல்லோருக்கும் நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன்... கை வரவில்லை. அவ்வளவுதான்.

இன்றைக்கு எழுதலாம் என்று தோன்றுகிறது. எழுதிவிட்டால் நெஞ்சில் இருப்பது கொஞ்சம் இறங்கும் என்றும் தோன்றுகிறது.

என் தங்கை கவிதாவைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி: கவிதா எருத்தேன்பதி கிராமத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை செந்திலுக்குத் தென்னந்தோப்பு. ஒரே பெண், யாழினி, நான்கு வயது. நான் இருப்பது பாலக்காடு டவுனில். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள்.

கவிதா பயந்தவள். சாதாரணப் பயம் இல்லை. திராட்சைப் பழத்தை நாலாக வெட்டித்தான் குழந்தைக்குக் கொடுப்பாள். பட்டன் பேட்டரி போட்ட பொம்மை வீட்டுப் படியேறக் கூடாது. கிணற்றுக்கு வலை, மாடிப்படிக்கு இரண்டு கதவு. ஃபோனைத் திறந்தால் 'தொண்டையில் சிக்கினால் என்ன செய்ய வேண்டும்', 'பாம்பு கடித்தால் என்ன செய்யக் கூடாது' என்று வீடியோ வீடியோவாகப் பார்ப்பாள். பார்ப்பதோடு விடுவாளா? எனக்கும் அனுப்புவாள். நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. அவளை வைத்து இந்தப் பத்தியிலேயே இரண்டு மூன்று முறை காமெடி செய்திருக்கிறேன். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாளையாறு பக்கம், மலை அடிவாரத்தில், ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. பெயர் வேண்டாம். ரோஜாத் தோட்டம், குரோட்டன்ஸ், வெளிநாட்டுப் புல்தரை எதுவும் அங்கே கிடையாது. எல்லாம் இந்த மண்ணின் மரங்கள், இந்த மலையின் செடிகள். வேங்கை, இலுப்பை, புங்கன், மகிழம், நொச்சி, ஆடாதோடை... ஒவ்வொன்றுக்கும் பலகை. மேலே மலையாளம், கீழே தமிழ். நடுநடுவே பெரிய பெரிய வெளிகள். குழந்தைகள் ஓடலாம், பெரியவர்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்கலாம்.

குழந்தையை மாலுக்கே கூட்டிக்கொண்டு போகிறாயே, ஒரு மரத்தைக் காட்டு என்று கவிதாவிடம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பூங்காவுக்கு ஃபோன் போட்டு யானை வருமா, குளவிக் கூடு இருக்கிறதா, குளத்துக்குக் கம்பி வேலி உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் சம்மதித்தாள். செந்திலுக்குத் தோப்பில் காய் வெட்டு. என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டு ஃபேக்டரியில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட். அதனால் நாங்கள் மூன்று பேர் மட்டும் என் காரில் கிளம்பினோம்.

தை மாதக் காற்று உங்களுக்குத் தெரியும்தானே? பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து இரண்டு கையாலும் தள்ளுகிற காற்று. காய்ந்து தொங்குகிற நெற்றுகள் எல்லாம் கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தன. பூங்காவைச் சுற்றிக் காட்ட ரம்யா என்று ஒரு பெண் வந்தாள். குமுளிக்குப் பக்கத்தில் ஆனைக்கரைக்காரி. ஏலத்தோட்டக் குடும்பம், பாட்டனி படித்தவள், இங்கே ஒப்பந்த வேலை. அவளுடைய தமிழ் எங்கள் தமிழ் இல்லை, மதுரைப் பக்கத்துத் தமிழ். யாழினிக்கு அவளைப் பிடித்துவிட்டது. மகிழம்பூவைப் பொறுக்கிக் கொடுத்தாள், வேங்கை மரப்பட்டையில் கசிந்து உறைந்திருந்த சிவப்புப் பிசினைத் தொட்டுப் பார்க்க வைத்தாள்.

மத்தியானம் ஒரு புங்க மரத்தடியில் சாப்பிட்டோம். தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம். கவிதா டப்பாக்களைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். போகும்போது, "அக்கா, அவளப் பாத்துக்க," என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பத்தடி தூரத்தில், கொடி படர்ந்த வேலியோரத்தில் யாழினி குந்தி உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் கண்ணெதிரேதான்.

பிறகு கையை மூடிக்கொண்டு ஓடி வந்தாள். விரித்துக் காட்டினாள்.

குன்றிமணி. பளபளவென்று சிவப்பு, நுனியில் கறுப்புப் பொட்டு. அந்தச் சின்னக் கையில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்போமே, அதே குன்றிமணி. பல்லாங்குழி ஆடியிருக்கிறோம், ஜாமெட்ரி பாக்ஸில் சேர்த்து வைத்திருக்கிறோம். நான் என்ன செய்தேன்? ஃபோனை எடுத்து அந்தக் கையை ஃபோட்டோ எடுத்தேன். குடும்ப குரூப்பில் போடலாம் என்று.

"ஒண்ணு தின்னுட்டேன் பெரிம்மா," என்றாள் யாழினி.

சிரித்தேன். கல் மாதிரி இருக்கும் விதை, உள்ளே போனால் அப்படியே வெளியே வந்துவிடும், அதிலென்ன இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அவ்வளவுதான் நினைத்தேன்.

அந்தப் பக்கமாகப் போன ரம்யா நின்றாள். குழந்தையின் கையைப் பார்த்தாள்.

"அக்கா, அத அவ கையில இருந்து வாங்கிருங்க," என்றாள். கத்தவில்லை. குரல் ரொம்பத் தாழ்ந்து வந்தது. அதனால்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

"குன்றிமணிதானே? ஒண்ண முழுங்கிட்டாளாம்," என்றேன்.

அவள் முகம் வெளிறியதை என் கண்ணால் பார்த்தேன். "முழுங்கினாளா, கடிச்சாளா?" என்று கேட்டாள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரம்யா சொன்னாள். மேல் தோல் கெட்டி. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் பல்லில் பட்டு உடைந்துவிட்டால்... உள்ளே இருப்பது கடுமையான விஷம். சின்னக் குழந்தைக்குக் கொஞ்சம் போனாலும் ஆபத்து. சொல்லிக்கொண்டே யாழினியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விதைகளை எடுத்தாள்.

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நெற்றுகள் ஆடுகிற சத்தம்.

கவிதா டப்பாக்களோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், ரம்யா முகத்தைப் பார்த்தாள். ரம்யாதான் சொன்னாள். இப்போது இவள் கத்தப் போகிறாள், மயங்கி விழப் போகிறாள், இவளை யார் பிடிப்பது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. திராட்சையை வெட்டிக் கொடுக்கிறவள் அல்லவா?

கவிதா டப்பாக்களைக் கீழே வைத்தாள். குழந்தையின் உயரத்துக்கு மண்டி போட்டாள்.

"யாழி, அம்மாவுக்கு ஆ காட்டு சாமி. சிங்கம் மாதிரி."

யாழினி சிங்கம் மாதிரி வாயைத் திறந்தாள். கவிதா ஃபோன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். கடைவாய்ப் பல் இடுக்கில் சிவப்பாகப் பொடிசாக ஏதோ ஒட்டியிருந்தது. கைக்குட்டை நுனியால் அதை எடுத்தாள். குன்றிமணித் தோலா? தக்காளித் தோலா? மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். சொல்ல முடியவில்லை.

"கடிச்சியா கண்ணு?" என்று கேட்டாள்.

"கடிச்சேன்."

"சும்மா முழுங்குனியா?"

"முழுங்குனேன்."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு," என்றாள் யாழினி. பிறகு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

கவிதா கேட்பதை நிறுத்திவிட்டாள். "நாம கேக்கற மாதிரிதான் இவ சொல்லுவா. கடிச்சுட்டான்னே வெச்சுக்கலாம். கெளம்பலாம்," என்றாள்.

நான் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கலாம், தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கலாம் என்று பாட்டிலைத் திறந்தேன். கவிதா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றாள். எந்த வீடியோவில் பார்த்தாளோ... எனக்கும்தான் அனுப்பியிருப்பாள்.

மிச்ச விதைகள், ஒரு காய்ந்த நெற்று, அந்தக் கைக்குட்டை எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். டாக்டருக்குக் காட்ட வேண்டுமாம். ரம்யா முன்னால் ஓடி கேட்டைத் திறந்து வைத்தாள். கார் வரை வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குன்றிமணிக் கொடிய நாந்தாங்க்கா விதை போட்டு வளத்தேன்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கார் கிளம்பியது, நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது. கிளட்ச் மேல் வைத்த கால் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீ பின்னாடி போய் இவளப் புடிச்சுக்க. நான் ஓட்டறேன்."

கவிதா லைசென்ஸ் வாங்கியவள்தான். ஆனால் எருத்தேன்பதி ரோட்டைத் தாண்டி ஓட்டியதில்லை. நேஷனல் ஹைவே என்றாலே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடிக்கிறவள். மெயின் ரோட்டுக்கு வந்ததும் நான் கோயம்புத்தூர் போகலாம், பெரிய ஆஸ்பத்திரிகள் அங்கேதான் என்று பதறினேன். அவள் இண்டிகேட்டரைப் பாலக்காட்டுப் பக்கம் போட்டாள். எல்லை செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, முதலில் பக்கத்தில் போவோம், அவர்கள் சொன்னால் பிறகு கோயம்புத்தூர் என்றாள். ஒரு டாக்ஸி டிரைவர் பேசுகிற மாதிரி பேசினாள்.

கஞ்சிக்கோட்டில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் மலை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தன. நடுவில் எங்கள் சின்ன கார். காற்று வேறு பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. கவிதா ஹார்ன் அடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரே சீராகப் போனாள்.

பின் சீட்டில் யாழினி என் மடியில். என் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் கேட்டாள். வாங்கித் தருகிறேன் என்றேன். அப்புறம் அவள் விரல்கள் நின்றன. கண் மூடிவிட்டது.

காரில் ஏறினால் பத்து நிமிஷத்தில் தூங்குகிற பிள்ளைதான் அது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இது தூக்கமா, மயக்கமா? மூக்குக்கு முன்னால் விரலை வைத்தேன். என் விரல் நடுங்கியதில் மூச்சு படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மார்பில் காதை வைத்தேன். இன்ஜின் சத்தம்தான் கேட்டது. அந்தச் சில நொடிகளை நான் இங்கே எழுத முயற்சி செய்து மூன்று முறை அழித்துவிட்டேன்.

தொடையில் கிள்ளினேன். கொஞ்சம் பலமாகவே கிள்ளிவிட்டேன் போலிருக்கிறது. வீறிட்டு அழுதாள்.

"பெரிம்மா கிள்ளிட்டாங்க..."

"அழுகட்டும் அக்கா," என்றாள் கவிதா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அழுதா நல்லதுதான்."

வழியிலேயே ரம்யா ஃபோன் போட்டு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்பே அங்கே சொல்லி வைத்திருந்தாள். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். கவிதா டப்பாவைத் திறந்து காட்டி, என்ன விதை, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டாள், வாந்தி எடுக்க வைக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை என்று மளமளவென்று சொன்னாள். விதை பச்சையா, காய்ந்ததா என்று டாக்டர் கேட்டார். நெற்றையும் காட்டினாள். காய்ந்தது. அது கொஞ்சம் நல்ல செய்தி, தோல் கெட்டியாக இருக்கும் என்றார் டாக்டர். கைக்குட்டையில் இருந்த சிவப்பைப் பார்த்தார். அவராலும் சொல்ல முடியவில்லை.

பிறகு கரியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். உள்ளே விஷம் இருந்தால் அது பிடித்துக்கொள்ளுமாம். யாழினிக்கு உதடு, மூக்கு, கன்னம் எல்லாம் கறுப்பு. ஃபோனில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். நான் வெளியே போய்விட்டேன்.

டாக்டர் வெளியே வந்தபோது, இதற்கு முறிவு மருந்து இருக்கிறதுதானே என்று கேட்டேன். பாம்புக் கடிக்கு இருக்கிற மாதிரி ஏதாவது.

"இல்லை," என்றார்.

அவ்வளவு சின்ன வார்த்தை. காத்திருந்துதான் பார்க்க வேண்டுமாம். கடித்திருந்தால் சில மணி நேரத்தில் தெரியலாம், ஒரு நாள் கழித்தும் தெரியலாம், இன்னும் தள்ளியும் போகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தம்... அவர் சொல்லிக்கொண்டே போனார். உள்ளே ஒரு குழந்தை கறுப்பு வாயோடு நர்ஸிடம் ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த இரண்டையும் மனசு எப்படிச் சேர்த்து வைக்கும், சொல்லுங்கள்?

காரிடாரில் உட்கார்ந்து ஃபோனில் குன்றிமணியைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். கவிதா வந்து என் கையிலிருந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"படிக்காத அக்கா. நான் முன்னாடியே படிச்சாச்சு."

முன்னாடியே என்றால்? அவர்கள் தோப்பு வேலியில் ஒரு குன்றிமணிக் கொடி இருந்ததாம். யாழினி தவழ ஆரம்பித்த நாளிலேயே வேரோடு எடுத்துவிட்டாளாம். பூங்காவில் யானை, குளவி, குளம் எல்லாம் விசாரித்தவள் இதை விசாரிக்க மறந்துவிட்டாள். அதைச் சொன்ன உடனே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

செந்தில் வந்தார். தோப்பிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். கைலி, சட்டையெல்லாம் தென்னந்தூசி. மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து நின்றார்.

"அண்ணி, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளேயிருந்து கவிதாவின் குரல் வந்தது. "யாரயும் ஒண்ணும் கேக்காதீங்க. வந்து இவகூட உக்காருங்க. உங்களத்தான் கேட்டுட்டே இருக்கறா."

அந்த ராத்திரியைப் பற்றி எழுதப் போவதில்லை.

மறுநாள் காலையில் யாழினி இட்லி சாப்பிட்டாள், பால் குடித்தாள். கார்ட்டூன் பார்த்தாள். வார்டில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டாள். மலையாளத்தில் இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டு நர்ஸ்களை அதிகாரம் செய்தாள். எங்களுக்கு மெல்ல மூச்சு வர ஆரம்பித்தது. செந்தில் டீ வாங்கி வரக் கிளம்பினார்.

அப்போது வாந்தி எடுத்தாள்.

கட்டில், போர்வை, கவிதாவின் சேலை எல்லாம் நனைந்தது. டீ டம்ளரோடு வந்த செந்தில் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிகிறது, கால் நகர மாட்டேன் என்கிறது. கவிதா ஒரு கையால் குழந்தையைக் குப்புறச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மணியை அழுத்தினாள். பிறகு குனிந்து, வாந்தியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். எங்களுக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா?

ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரை எங்கள் கட்டில் பக்கம் கார்ட்டூன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. எல்லாம் நார்மல் என்று வந்தது. பாலை அவசரமாகக் குடித்ததில் வந்த வாந்தியாக இருக்கலாம், ஆனாலும் கவனமாகப் பாருங்கள் என்றார் டாக்டர். 'இருக்கலாம்' என்ற வார்த்தையை இனி நான் எந்தக் கட்டுரையிலும் லேசாக எழுத மாட்டேன்.

அன்று சாயங்காலம் விதை வெளியே வந்தது.

எங்கே, எப்படி என்று விளக்க வேண்டியதில்லை. பிள்ளை வளர்த்தவர்களுக்குப் புரியும். நர்ஸ் தானே பார்ப்பதாகச் சொன்னாள், கவிதா விடவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, கரி கலந்து தார் மாதிரி இருந்ததில் தானே தேடினாள். கழுவிக்கொண்டு வந்து உள்ளங்கையில் காட்டினாள். கீறல் இல்லை. உடைசல் இல்லை. உள்ளே போனபோது எப்படி இருந்ததோ அப்படியே, அதே சிவப்பு, அதே கறுப்புப் பொட்டு.

செந்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். வெட்கமில்லாமல் சத்தமாக அழுதேன்.

கவிதா மட்டும் அழவில்லை. "ரெண்டுன்னு சொன்னாளே," என்றாள்.

அதனால் இன்னொரு நாள் இருந்தோம். டாக்டரும் அதையேதான் சொன்னார். இன்னொன்று வரவில்லை. வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. பல்லிடுக்கில் இருந்தது தக்காளித் தோலாகத்தான் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை மறுபடியும் நார்மல். வீட்டுக்குப் போகலாம், ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். யாழினி வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் டாட்டா சொன்னாள்.

பார்க்கிங்கில் செந்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் அவர் வண்டியில் உட்கார வைத்தார். கவிதா என் காரில் பையை வைக்க வந்தவள், கதவைத் திறந்து அப்படியே சீட்டில் சரிந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். பாட்டிலைக் கொடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கை அப்படி ஆடியது. தண்ணீர் முழுக்க மடியில் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வந்தது அழுகை. தொண்டையிலிருந்து வருகிற அழுகை இல்லை அது, அடிவயிற்றிலிருந்து வருவது. பக்கத்து காரில் ஏறிக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கார்ல அவ தூங்குனப்ப நீ மூக்குல வெரல் வெச்சுப் பாத்தியே அக்கா..."

"ம்."

"நான் கண்ணாடில உன் மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். நீ கத்துனீன்னா வண்டிய அங்கயே உட்டுட்டு எறங்கிரணும்னு இருந்தேன். எங்க போறதுன்னு தெரியல. எறங்கிரணும்னு மட்டும் இருந்துச்சு."

ரோட்டிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை லாரிகளுக்கு நடுவில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை.

இந்த நாட்களில் நான் ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பயந்தவர்கள் என்று நாம் சிலரை ஒதுக்கி வைத்துச் சிரிக்கிறோம். அவர்கள் என்ன செய்கிறார்கள்? நம் பங்குக்கும் சேர்த்து முன்கூட்டியே பயந்து வைக்கிறார்கள். எது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மனதுக்குள் ஆயிரம் முறை ஓடிப் பார்த்துவிடுகிறார்கள். உண்மையிலேயே நடக்கும்போது அவர்கள் கால் ஓடுகிறது. நம் கால் கிளட்ச்சில் ஆடுகிறது. அவர்களுக்குப் பயம் இல்லாமல் இல்லை... பார்க்கிங் வரைக்கும் அதைத் தள்ளிப்போடத் தெரிகிறது. அந்தக் கணக்கு எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் புரிந்தது.

அவள் அனுப்பிய பழைய வீடியோக்களை இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் நிறைய பாக்கி.

ரம்யா தினமும் ஃபோன் செய்துகொண்டிருந்தாள். யாழினி பேசினால்தான் வைப்பாள். நேற்று கவிதாவோடு நான் இருந்தபோது மறுபடி அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பூங்காவில் விஷயம் பெரிதாகிவிட்டதாம். அந்தக் கொடியை மட்டுமில்லை, விஷம் என்று பெயர் எடுத்த செடி எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்கிறார்களாம். செங்காந்தள், எருக்கு, அரளி எல்லாம். தன் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்றும் தெரியவில்லை என்றாள். ஆனால் அவள் கேட்டது அதைப் பற்றி இல்லை.

"நீங்க சொல்லுங்கக்கா. பிடுங்கிரட்டுமா? நீங்க என்ன சொன்னாலும் சரிதான்."

கவிதா திரும்பிப் பார்த்தாள். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்கு வாயைத் திறக்கச் சொல்லிப் பல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடுங்க வேண்டாங்க," என்றாள் கவிதா. "நீங்க புடுங்குனாலும் அது ரோட்டோரத்துல மொளைக்கும், எங்க தோப்புல மொளைக்கும். அது என்னன்னு இவளுக்கு எப்பிடித் தெரியும்? சுத்திக் கம்பி போட்டு, பலகை வையுங்க. படம் போட்டு வையுங்க, படிக்கத் தெரியாத கொளந்தைங்களுக்கும் புரியற மாதிரி. பெரியவங்களுக்கும் ஒரு வரி எழுதுங்க. எங்க அக்கா மாதிரி ஆளுங்க வருவாங்க."

மேலதிகாரிகளுக்கும் தானே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாள். தப்பு ரம்யா மேல் இல்லை, அவள் அன்றைக்கு அந்தப் பக்கமாக வராமல் இருந்திருந்தால் தன் குழந்தைக்கு என்ன ஆகியிருக்குமோ என்று எழுதப் போகிறாளாம். ஃபோனில் ரம்யா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பலகை வைத்ததும் யாழினியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும், அந்தச் செடியை அவள் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், நீயும் வா என்கிறாள் கவிதா.

நான்தான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.